கூலியில்லாமல் கதவைப் பூட்டுவது யார்?

கேள்வி: எங்கள் ஊர் ஆலயத்தில் என் அப்பா இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோயில்பிள்ளையாக இருக்கிறார். அதிகாலை நாலரை மணிக்குக் கதவு திறப்பது, மணி அடிப்பது, இரவு பூட்டுவது எல்லாம் அவர்தான். இந்த ஆண்டு சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார். சபைக் கமிட்டியில் ஒருவர் வேதாகமத்தை விரித்து, "உங்களில் எவன் கூலியில்லாமல் கதவுகளைப் பூட்டுவான்" என்று மல்கியா 1:10ஐ வாசித்தார். இந்த மாதிரி ஆட்களைப் பற்றிக் கடவுளே அன்றைக்கு வருத்தப்பட்டிருக்கிறார் என்றும் சொன்னார். அப்பா பதில் பேசாமல் வந்துவிட்டார். என் தோழியிடம் உள்ள புதிய மொழிபெயர்ப்பில், வீணாகத் தீ மூட்டாதபடி யாராவது கதவை மூடிவிட்டால் நல்லது என்ற பொருளில் அதே வசனம் இருக்கிறது. எது சரி? எபிரெய வேதத்தில் ஆலயக் கதவுக்கு உண்மையில் என்ன பொருள்? பகலிலும் ஆலயத்தைப் பூட்டி வைக்கலாமா என்று இப்போது இன்னொரு விவாதம் நடக்கிறது. அப்பாவும் ஒன்று கேட்கச் சொன்னார்: விடிந்ததும் சாமுவேல் கதவுகளைத் திறந்தான் என்று எதற்காக எழுதி வைத்திருக்கிறது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். அப்பாவின் சம்பளம் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது, மற்றவை காத்திருக்கலாம்.

மல்கியா 1:10இன் முதல் வாக்கியம் எபிரெயத்தில் ஒன்பதே சொற்கள். ஒன்பதாவது சொல் 'ஹின்னாம்'. அந்த வாக்கியத்தில் அது ஒரே ஒருமுறைதான் வருகிறது, அதுவும் பலிபீடத்துக்குப் பக்கத்தில். உங்கள் கமிட்டிக்காரர் வாசித்தது, 1871இல் பவர் ஐயர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய வேதாகமம். அதில் 'கூலியில்லாமல்' என்பது இரண்டு முறை வருகிறது: கதவுக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலும் இப்படித்தான். கதவோடு ஒட்டியிருக்கும் 'கூலியில்லாமல்' மூலத்தில் கிடையாது. கடைசிச் சொல்லை முன்னால் இழுத்துவந்து கதவிலும் ஒருமுறை மாட்டியிருக்கிறார்கள்.

சரி, அந்த ஒற்றை ஹின்னாமுக்கு என்ன பொருள்? இறையியல் கல்லூரியில் எபிரெயம் கற்பித்த காலத்தில் இதை விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவர், "ஐயா, இது நம்முடைய 'சும்மா'தானே?" என்றார். அதற்குப் பிறகு இந்தச் சொல்லுக்காக நான் அகராதியைத் திறந்ததில்லை. "சும்மா வேலை பார்ப்பானா?" என்றால் கூலி இல்லாமல். "சும்மா திட்டினான்" என்றால் காரணம் இல்லாமல். "சும்மா அலைந்துவிட்டு வந்தேன்" என்றால் பலன் இல்லாமல். ஹின்னாமுக்கும் இதே மூன்று முகங்கள். "சும்மா எனக்கு வேலைசெய்யலாமா?" என்று லாபான் யாக்கோபிடம் கேட்கும்போது (ஆதியாகமம் 29:15) அது கூலி, நம் மொழிபெயர்ப்பாளர்களே அங்கே 'சும்மா' என்றுதான் போட்டிருக்கிறார்கள். யோபு ஹின்னாமாகவா தேவனுக்குப் பயப்படுகிறான் என்று சாத்தான் கேட்கும்போது (யோபு 1:9) அது காரணம். பறவையின் கண்ணெதிரே வலை விரிப்பது ஹின்னாம் என்று நீதிமொழிகள் 1:17 சொல்லும்போது அது வீண்.

மல்கியாவில் எந்தச் 'சும்மா' என்பதை முன்னும் பின்னும் உள்ள வசனங்கள் சொல்லிவிடுகின்றன. ஆறாம் வசனத்தில் தொடங்கும் பேச்சு ஆசாரியர்களை நோக்கியது. குருட்டு ஆட்டையும் நொண்டி மாட்டையும் நோயுற்றதையும் பலிக்குக் கொண்டுவருகிறீர்களே, இதை உங்கள் அதிபதியிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பானா என்று எட்டாம் வசனம் கேட்கிறது. அதிபதி என்றால் பாரசீகப் பேரரசு யூதாவில் வைத்திருந்த ஆளுநர். ஆளுநருக்குக் கொடுக்கக் கூசுகிற பொருளைக் கடவுளுக்குக் கொடுக்கிறார்கள். இதற்கு அடுத்துத்தான் கதவு வருகிறது; கதவைத் தொடர்ந்து "உங்கள்பேரில் எனக்குப் பிரியமில்லை" வருகிறது. கூலியைப் பற்றிய பேச்சு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் இப்படித்தான் மொழிபெயர்ப்பேன்: "உங்களில் ஒருவனாவது இந்தக் கதவுகளை மூடிவிடமாட்டானா! என் பலிபீடத்தில் நீங்கள் சும்மா தீ மூட்டிக்கொண்டிருக்க வேண்டாமே."

உங்கள் தோழியின் மொழிபெயர்ப்புதான் மூலத்துக்கு நெருக்கம். ஆனால் ஒரு வாதத்துக்காகப் பழைய மொழிபெயர்ப்பையே வைத்துக்கொள்வோம். அப்போதும் திட்டு வாங்குபவர்கள் ஆசாரியர்கள். பலிபீடத்தை நடத்துகிறவர்கள், அதிலிருந்து உண்கிறவர்கள், எது போதும் எது போதாது என்று தீர்மானிக்கிறவர்கள். வாசலில் நிற்கிற மனிதனை மல்கியா ஒரு சொல்லும் சொல்லவில்லை. கமிட்டி மேசையைப் பார்த்து எறிந்த கல்லை, மேசையில் இருந்தவரே பொறுக்கி எடுத்து உங்கள் அப்பாமேல் வீசியிருக்கிறார்.

இனி உங்கள் பெரிய கேள்வி.

ஆலயக் கதவு என்றதும் நம் பிரசங்கிகள் உடனே அடையாளத்துக்குத் தாவிவிடுவார்கள்: கதவு என்றால் இருதயம், கதவு என்றால் பரலோகம், கதவு என்றால் வாய்ப்பு. எனக்கு இந்த அவசரம் பிடிப்பதில்லை. எபிரெய வேதத்தில் கதவு முதலில் மரம். அது கனமானது, யாரோ ஒருவர் தள்ளித் திறக்க வேண்டியது.

சொற்களையே பாருங்கள். நாம் 'வாசல்', 'கதவு' என்ற இரண்டில் சமாளிக்கிறோம். எபிரெயத்தில் 'பேதஹ்' என்றால் சுவரில் உள்ள திறப்பு, வெறும் இடைவெளி. அதை அடைக்கும் பலகை 'தெலெத்'. அறைகளும் காவலும் உள்ள நுழைவுக் கட்டடம் 'ஷாஅர்'. காலடியில் கிடக்கும் வாசற்படி 'ஸஃப்' அல்லது 'மிஃப்தான்'. மல்கியா சொல்வது 'தெலாதயிம்'. இது இருமை வடிவம், அதாவது இரட்டைக் கதவு. இதே தெலெத்தைச் சுருள் புத்தகத்தின் ஒரு பத்திக்கும் சொல்வார்கள். எரேமியாவின் சுருளில் மூன்று நான்கு 'தெலெத்' வாசித்ததும் யோயாக்கீம் அரசன் அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான் (எரேமியா 36:23). உங்கள் கேள்விக்கு இது தேவையில்லைதான். ஆனால் கதவுக்கும் பத்திக்கும் ஒரே பெயர் வைத்த மக்களை எனக்குப் பிடிக்கிறது.

இந்த வேறுபாடு தெரிந்தால் சில வசனங்கள் தெளிவாகின்றன. "அநாதி கதவுகளே, உயருங்கள்" என்று 24ஆம் சங்கீதத்தைப் பாடுகிறோம். மூலத்தில் அங்கே தெலெத் இல்லை. ஷாஅரும் பேதஹும்தான் இருக்கின்றன: கோபுரவாசல்களே, பழமையான நுழைவாயில்களே. கதவு எப்படி உயரும் என்று ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. எருசலேமின் கதவுகள் மேலே ஏறுபவை அல்ல, சுழல்பவை. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் தோண்டியெடுத்த உகரித் களிமண் ஏடுகளில் ஒரு காட்சி உண்டு. கடல் தெய்வத்தின் தூதர்களைக் கண்டு தேவர்கள் அஞ்சி முழங்காலில் தலை கவிழ்த்து உட்கார்ந்திருக்க, "தேவர்களே, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்" என்று பாகால் தெய்வம் அதட்டுகிறான். சங்கீதக்காரன் அந்தப் பழைய மரபுத்தொடரை வாசல்களிடம் சொல்கிறான். வாசல்கள் தலை கவிழ்ந்து காத்திருக்கின்றன. அரசர் வருகிறார், நிமிருங்கள் என்கிறான்.

அந்தச் சங்கீதத்தின் முதல் பாதியில் மனிதர்களுக்குக் கேள்வி: யார் கர்த்தருடைய பர்வதத்தில் ஏறுவான்? கைகளில் சுத்தமுள்ளவன். இரண்டாம் பாதியில் கேள்வி கடவுளைப் பற்றியது: யார் இந்த மகிமையின் ராஜா? உள்ளே வருகிறவர் யாரானாலும் வாசலில் 'யார்' என்று கேட்கிறார்கள். கடவுளுக்கும் அதே கேள்வி.

கடவுளும் வாசல்வழியாகத்தான் வருகிறார் என்பது அந்தக் காலத்து மனிதர்களுக்கு உவமை அல்ல. வடமேற்குச் சிரியாவில் ஐன் தாரா என்ற இடத்தில் ஒரு பழைய கோயில் இருந்தது. அதன் அமைப்பு சாலொமோனின் ஆலயத்தைப் பற்றி நாம் வாசிப்பதோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். அதன் சுண்ணாம்புக்கல் வாசற்படிகளில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள பாதச் சுவடுகளைச் செதுக்கியிருந்தார்கள். முதலில் இரண்டு பாதங்கள் பக்கம் பக்கமாக. பிறகு ஒற்றைப் பாதம். இன்னும் உள்ளே மற்றொன்று. எல்லாம் உள்நோக்கி. தெய்வம் வாசலில் ஒரு கணம் நின்று, பிறகு எட்டி நடந்து உள்ளே போயிருக்கிறது. வெளியே வரும் சுவடு இல்லை. 2018 ஜனவரியில் விமானக் குண்டுவீச்சில் அந்தக் கோயில் பெரிதும் சிதைந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு எசேக்கியேலை வாசித்தால்தான் அவர் சொல்வதன் பயங்கரம் புரியும். கி.மு. 592இல் அவர் காணும் தரிசனத்தில் கர்த்தருடைய மகிமை கேருபீனை (சிறகுள்ள காவல் உருவத்தை) விட்டு எழுந்து ஆலயத்தின் வாசற்படிக்கு வந்து நிற்கிறது (9:3, 10:4). அங்கிருந்து கிழக்கு வாசல் (10:19). அங்கிருந்து நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலை (11:23). ஐன் தாராவில் இல்லாத வெளிநோக்கிய சுவடுகளை எசேக்கியேல் கண்டுவிட்டார். ஒரே மூச்சில் போகவில்லை. வாசற்படியில் நிற்கிறது, வாசலில் நிற்கிறது. வீட்டைவிட்டுப் போகிறவர்கள் படியில் நின்று திரும்பிப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றும். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு தரிசனத்தில் அதே கிழக்கு வழியாய் மகிமை திரும்புகிறது (43:4). உடனே அந்த வாசல் பூட்டப்படுகிறது: "இஸ்ரவேலின் தேவனாகிய கர்த்தர் இதற்குள் பிரவேசித்தார்", ஆகவே இதன்வழியே வேறு யாரும் நுழையக் கூடாது (44:2). போனவர் திரும்பிவிட்டார் என்பதற்கு அந்தப் பூட்டு சாட்சி.

இன்றைய எருசலேமின் மதிலில் அடைபட்டுக் கிடக்கும் பொன்வாசலைக் காட்டி, இதோ எசேக்கியேல் 44 நிறைவேறிவிட்டது என்று யாத்திரை வழிகாட்டிகளும் சில பிரசங்கிகளும் சொல்வார்கள். எசேக்கியேல் பேசுவது தரிசனத்தில் கண்ட ஆலயத்தின் வாசல். அது ஊர் மதிலின் வாசல் அல்ல. இப்போது நிற்கும் கட்டடமோ அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிற்பட்டது. இதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

சாலொமோனின் ஆலயத்தில் இரண்டு கதவமைப்புகள் இருந்தன (1 இராஜாக்கள் 6:31-35). உட்புறச் சந்நிதிக்கு ஒலிவ மரத்தில் இரட்டைக் கதவு. வெளிக்கூடத்துக்கு ஊசியிலை மரத்தில் இரட்டைக் கதவு, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு மடிப்புப் பலகைகள். எல்லாவற்றிலும் கேருபீன்கள், பேரீச்ச மரங்கள், மலர்ந்த பூக்கள், மேலே பொன்தகடு. நம் ஊர்ப் பழைய வீட்டுக் கதவுகள் குடுமியில் சுழல்வதுபோல்தான் அந்தக் காலத்துக் கதவுகளும் மேலும் கீழும் குழியில் பொருந்திச் சுழன்றன; சாலொமோன் அந்தக் குழிகளையும் பொன்னால் செய்தான் (7:50). கேருபீன், மரம், பூ என்ற மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் ஏதேன் தோட்டம் நினைவுக்கு வரவில்லையா? மனிதனை வெளியேற்றிவிட்டுத் தோட்டத்துக்குக் கிழக்கே காவல் நிறுத்தியது கேருபீன்களைத்தான் (ஆதியாகமம் 3:24). ஆலயமும் கிழக்கு நோக்கியது. ஆக, அந்தக் கதவின் முன் நிற்கிற ஆசாரியன் தோட்டத்தின் வாசலுக்குத் திரும்பி வந்திருக்கிறான். காவலாளர் இன்னும் கதவிலேயே நிற்கிறார்கள். அழைப்பும் தடையும் ஒரே பலகையில்.

அந்தப் பொன்தகடு என்ன ஆயிற்று என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. ஒரு நூலை மட்டும் வாசிக்கிறவர்களுக்கு அது பாதிதான் கிடைக்கும்.

ஆகாஸ் அரசன் ஆலயத்தின் கதவுகளைப் பூட்டிவிட்டான் என்று நாளாகமம் சொல்கிறது (2 நாளாகமம் 28:24). அவன் மகன் எசேக்கியா அரியணை ஏறிய முதல் ஆண்டு முதல் மாதத்திலேயே கதவுகளைத் திறந்து பழுதுபார்க்கிறான் (29:3). பதினாறு நாள் துப்புரவு நடக்கிறது. உள்ளே கிடந்த அசுத்தத்தை லேவியர் கீதரோன் ஆற்றங்கரைக்குச் சுமந்துகொண்டு போகிறார்கள். சபைகளில் கதவைப் பற்றிய பிரசங்கம் என்றால் பெரும்பாலும் இதுதான், இதோடு முடிந்துவிடும். இராஜாக்கள் நூலை எடுங்கள். அதே எசேக்கியாவின் பதினான்காம் ஆண்டில், வரலாற்றாசிரியர்களின் கணக்கில் கி.மு. 701இல், அசீரிய அரசன் சனகெரிப் படையெடுத்து வந்து முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் கேட்கிறான். கையில் இல்லை. எசேக்கியா ஆலயக் கதவுகளிலும் நிலைகளிலும் இருந்த பொன்னை வெட்டி எடுத்துக் கொடுக்கிறான் (2 இராஜாக்கள் 18:16). அது தானே பதித்த பொன் என்று அந்த வசனம் கூசாமல் சொல்கிறது. சனகெரிப்பும் தன் வெற்றிக் கல்வெட்டில் வசூலை எழுதி வைத்திருக்கிறான். பொன் அங்கேயும் அதே முப்பது தாலந்து. வெள்ளியை மட்டும் எண்ணூறு என்கிறான்.

கதவைத் திறந்தவன் கதவை உரித்தவனும்தான். உரித்ததை நாளாகமம் சொல்லவில்லை; ஆகாஸ் பூட்டியதை இராஜாக்கள் சொல்லவில்லை. எந்த நூல் சரி என்று மாணவர்கள் சண்டை போடுவார்கள். நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். நல்ல அரசனுக்கும் ஒரு நெருக்கடியில் முதலில் கண்ணில் படுவது கதவின் பொன்தான். ஒன்றைக் கவனியுங்கள்: பொன் போன பிறகும் ஆலயம் நடந்தது. பொன் இல்லாமல் கதவு கதவாக இருக்கும். திறக்க ஆள் இல்லாமல் இருக்காது.

அந்த ஆட்களிடம் வருவோம். உங்கள் அப்பாவின் முன்னோர் இவர்கள்தான்.

வாசல்காவலர் லேவியர், ஆலயப் பணியாளர் பட்டியலில் பாடகர்களுக்குப் பக்கத்திலேயே எண்ணப்பட்டவர்கள். 1 நாளாகமம் 9:22இல் 212 பேர் என்று கணக்கு இருக்கிறது. அவர்கள் ஆலயத்தைச் சுற்றி இராத்தங்கினார்கள். காலைதோறும் கதவைத் திறப்பது அவர்கள் பொறுப்பு (9:27). சீட்டுப்போட்டு இடம் ஒதுக்கினார்கள்: கிழக்கே ஆறு பேர், வடக்கே நாள்தோறும் நான்கு, தெற்கே நான்கு, பண்டசாலைக்கு இரண்டிரண்டு, மேற்கே வழியில் நான்கு, அதையடுத்த பகுதியில் இரண்டு (26:17-18). கூட்டினால் 24. முறைப்பட்டியலையே வேதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை வாசிக்கும்போது கொட்டாவி விடுகிறவர்கள் ஒருமுறை இரவுக்காவல் இருந்து பார்க்க வேண்டும்.

கோராகின் புத்திரரும் இந்த வாசல்காவல் குடும்பத்தார். 84ஆம் சங்கீதத்தின் தலைப்பில் அவர்கள் பெயர் இருக்கிறது. "என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதையே தெரிந்துகொள்ளுவேன்" என்ற பத்தாம் வசனம் நமக்குப் பக்தி, அவர்களுக்குத் தொழில். எபிரெயத்தில் அங்கே வரும் வினைச்சொல் 'ஸஃப்' என்ற வாசற்படியிலிருந்தே பிறந்தது. படியில் கிடத்தல் என்று சொல்லலாம்.

எருசலேம் விழுந்தபோது பாபிலோனியர் ரிப்லாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றவர்களின் பட்டியலைப் பாருங்கள் (2 இராஜாக்கள் 25:18-21). பிரதான ஆசாரியன், இரண்டாம் ஆசாரியன், அடுத்து வாசற்படியின் மூன்று காவற்காரர். படைத்தலைவன்கூட அவர்களுக்குப் பின்னால்தான் வருகிறான். வாசற்படிக் காவலர் எவ்வளவு பெரியவர்கள் என்பது எதிரிக்குத் தெரிந்திருந்தது.

சம்பளம்? அதற்கும் வசனம் இருக்கிறது. உங்கள் கமிட்டிக்காரர் பக்கத்தைத் திருப்பவில்லை. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு யூதாவை நடத்திய செருபாபேல், நெகேமியா காலங்களில் இஸ்ரவேலர் எல்லாரும் பாடகருக்கும் வாசல்காவலருக்கும் அந்தந்த நாளுக்குரிய பங்கைக் கொடுத்துவந்தார்கள் (நெகேமியா 12:47). நெகேமியா கொஞ்சகாலம் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் லேவியருக்குப் பங்கு போகவில்லை. அவரவர் வயலுக்கு ஓடிவிட்டார்கள் (13:10). அவர் ஓடியவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தலைவர்களைக் கூப்பிட்டு, "தேவனுடைய ஆலயம் ஏன் கைவிடப்பட்டிருக்கிறது?" என்று வழக்காடினார் (13:11). பிறகு பங்கைச் சரியாகக் கொடுக்க நம்பகமான பண்டகசாலைக்காரரை நியமித்தார். கமிட்டியில் வாசிக்க வேண்டிய பகுதி இது.

மல்கியாவையே வாசிக்க வேண்டுமென்று அவர் நினைத்தால், 3:10ஐ வாசிக்கலாம். தசமபாகத்தைப் பண்டசாலையில் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்ற வசனம். ஸ்தோத்திரக் காணிக்கை எடுக்கும்போதெல்லாம் கேட்கிறோம். அந்தப் பண்டசாலையில் சேர்ந்த தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் யாருக்கு என்று நெகேமியா 13:5 சொல்கிறது: லேவியர், பாடகர், வாசல்காவலர். வானத்தின் பலகணி திறக்கும் வசனத்தில் பூமியின் கதவைத் திறக்கிறவனின் சாப்பாடும் அடங்கியிருக்கிறது.

பகலில் பூட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எருசலேம் ஆலயம் இரவில் பூட்டப்பட்டது, காலையில் திறக்கப்பட்டது. எசேக்கியேலின் திட்டத்தில் உட்பிராகாரத்தின் கிழக்கு வாசல் வேலைநாள் ஆறும் பூட்டியிருக்கும். ஓய்வுநாளிலும் அமாவாசையிலும் திறக்கும் (46:1). பூட்டுவதே பாவம் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை. ஆனால் எதற்காகப் பூட்டுகிறோம் என்று வேதம் கேட்கிறது. ஆகாஸ் பூட்டியது ஒன்று, மல்கியா பூட்டச் சொன்னது வேறொன்று. நெகேமியாவுக்கு நடந்தது மூன்றாவது: உன்னைக் கொல்ல வருகிறார்கள், ஆலயத்துக்குள் போய்க் கதவுகளைப் பூட்டிக்கொள்வோம் என்று செமாயா அழைத்தான் (6:10). என்னைப்போன்றவன் உயிர்பிழைக்க ஆலயத்துக்குள் ஒளிவானா என்று மறுத்துவிட்டார். அது விலைக்கு வாங்கிய ஆலோசனை என்று பிறகு தெரிந்தது. உங்கள் ஊரில் திருட்டுப் பயம் என்றால் பூட்டலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பகலில் திறந்துவைத்தால் கோயில்பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும் என்ற கணக்குதான் பூட்டச் சொல்கிறது என்றால், அதைக் கமிட்டி வாய்திறந்து சொல்லட்டும். வசனத்தை இழுக்க வேண்டாம்.

கடைசியாக அப்பாவின் கேள்வி. உங்கள் கடிதத்திலேயே மிகக் கடினமானது அதுதான்.

சீலோவில் அந்த இரவு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கண் மங்கிய கிழவர் ஏலி தன் இடத்தில் படுத்திருக்கிறார். விளக்கு இன்னும் அணையவில்லை. பையன் சாமுவேல் ஆலயத்துக்குள் படுத்திருக்கிறான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடவுளின் குரலைக் கேட்கிறான், கேட்டது என்ன? தன்னை வளர்த்தவரின் குடும்பம் அழியப்போகிறது என்ற தீர்ப்பு. அதற்குப் பிறகு 1 சாமுவேல் 3:15: விடியும்வரை படுத்திருந்தான், கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான், தரிசனத்தை ஏலிக்குச் சொல்லப் பயந்தான். தூங்கினான் என்று எழுதவில்லை. படுத்திருந்தான், அவ்வளவுதான். தீர்ப்புக்கும் பயத்துக்கும் நடுவில் கதவு திறக்கும் வேலையை எழுதியவர் வைத்திருக்கிறார். கதைக்கு அது தேவையே இல்லை. எடுத்துவிட்டாலும் கதை ஓடும்.

எருசலேமின் இரண்டாம் ஆலயத்தில் பெரிய வாசல் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் காலைப் பலியை அறுப்பார்கள் என்றும், அந்தச் சத்தம் எரிகோவரை கேட்டது என்றும் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. எரிகோ இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். மிகையாக இருக்கலாம். ஆனால் அந்நாளின் வழிபாடு ஒரு கதவு முனகுவதில் தொடங்கியது என்பதில் மிகை இல்லை. சீலோவில் அந்தக் காலை, ஏலியின் வீட்டைப் பற்றி இரவில் வந்த தீர்ப்பு தெரிந்த ஒரே ஆள் ஒரு சிறுவன். ஊருக்குத் தெரியாது. பலி கொண்டுவருகிறவர்கள் வழக்கம்போல் வருவார்கள். அவர்களுக்காகக் கதவு திறந்திருக்க வேண்டும்.

அந்த வசனத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள். என் விளக்கம் அவருக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்; இருபத்திரண்டு ஆண்டுகளில் தூங்காமல் விடிந்த இரவுகள் சில அவருக்கும் இருந்திருக்கும், அன்றைக்கும் நாலரைக்குக் கதவைத் திறந்திருப்பார்.